சொட்டாத மருந்து

சின்னவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மனுஷனை மாவு கோடௌனில், ஏணிக்கு அடியில், பேச்சுமூச்சில்லாமல் போட்டுவிட்டு நான் பாட்டுக்குப் பேனாவை மூடிவிட்டேன் என்று என்னைத் திட்டாத ஆள் இல்லை. எங்கள் வீட்டிலேயே ரெண்டு நாள் எனக்குக் காபி கிடைக்கவில்லை.

உயிரோடு இருக்கிறார், பேசவும் பேசுகிறார். கண்டம் தாண்டிவிட்டதா என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி. பெரியவர், சின்னவர் என்று அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஒரே பேக்கரி. அண்ணனுக்கு அடுப்பு, தம்பிக்குக் கேக். தம்பி தனியாக ஒரு கடை பார்த்து வைத்திருந்தார். அதை அண்ணனிடம் சொன்னார். "இனிமே உன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்டா" என்று கத்திவிட்டுப் பெரியவர் வாசலுக்குப் போனார். தம்பி அதே கோபத்தில் மாவு மூட்டை எடுக்க ஏணியில் ஏறினார். கால் வழுக்கியது. பின்மண்டை சிமெண்ட் தரையில் போய் மோதியது.

வாசலுக்குப் போன பெரியவர் அங்கே என்ன செய்தார் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். புதுக் கடையின் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, "தம்பி மனசை மாத்திக்கிட்டான், கடை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பும்போதுதான் உள்ளே 'தொம்' என்று சத்தம் கேட்டது.

அதிலிருந்து அந்தப் போன் அவர் சட்டைப்பையில் கல் மாதிரி கனக்கிறது.

*

காலை. ஆஸ்பத்திரியில் தலையில் அடிபட்டவர்களைப் படுக்க வைத்திருக்கும் வார்டு. ஆறு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் சின்னவர். தலையில் கட்டு, இமை ரெண்டும் வீங்கி, பார்க்கச் சண்டை போட்டுவிட்டு வந்த ஆள் மாதிரி இருந்தார்.

கட்டில் பக்கத்து ஸ்டாண்டில் ரெண்டு பாட்டில். ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று சீல் கூட உடைக்காமல் சும்மா தொங்கியது.

இந்தச் சும்மா தொங்குகிற பாட்டில்தான் இன்றைக்கு வீட்டை ரெண்டாக்கப் போகிறது.

வார்டு நர்ஸ் வந்தார். எப்போதும் கையில் ஒரு குட்டி டார்ச்சோடு திரிவதால் நம் குடும்பம் அவருக்கு வைத்த பேர் டார்ச் சிஸ்டர். தோளைத் தட்டி எழுப்பினார். இமையைத் தூக்கி ரெண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்தார். அப்புறம் வழக்கமான கேள்வி.

"உங்க வீட்டம்மா என்ன வேலை பார்க்கறாங்க?"

சின்னவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஊர்ல இருக்கற சுவரையெல்லாம் இடிக்கக் கத்துக்குடுக்கறா."

ஆறு கட்டிலும் சிரித்தது. எழுப்பும்போதெல்லாம் இதே கேள்வி, இதே பதில். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்தது.

அந்த வீட்டம்மா கட்டில் ஓரத்தில்தான் நின்றிருந்தார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். தெருவே அவரை டிரைவிங் டீச்சர் என்றுதான் கூப்பிடும். "பிரேக்!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துத் தெருவில் போகிற வண்டியும் நிற்கும்.

"வாய்க்கு மட்டும் அடிபடலை," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பெரியவர் சிரிக்கவில்லை. அவர் பார்வை பாட்டிலை விட்டு நகரவே இல்லை.

"சிஸ்டர், இது என்ன மருந்து?"

"மூளை வீங்கினா அதைக் குறைக்கறதுக்கு."

"அப்ப போடுங்களேன்! தொங்க விட்டு வேடிக்கை பார்க்கறதுக்கா?"

"டாக்டர் சொல்லணும்."

டாக்டர் வந்தார். மூளை அறுவை செய்கிற அம்மா. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ரெண்டு வார்த்தை செலவழிக்க மாட்டார்.

"ஸ்கேன்ல லேசா வீக்கம் தெரியுதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?" என்றார் பெரியவர்.

"சொன்னேன்."

"அப்ப மருந்து?"

"இப்ப வேண்டாம்."

"எப்ப வேணும்?"

"தேவைப்படும்போது. அடிபட்ட மூளை இந்த ரெண்டு மூணு நாள்லதான் அதிகமா வீங்கும். சிஸ்டர் வந்து பார்ப்பாங்க. நடுநடுவுல நீங்களும் எழுப்பிப் பேச்சுக் கொடுங்க. பேச்சுல துளி மாற்றம் தெரிஞ்சாலும் கூப்பிடுங்க."

அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெரியவருக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

*

வராந்தாவில் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. மாவு மில்காரர்கிட்ட பேசினேன். அவருக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. போன உடனே மருந்து ஏத்திடுவாங்களாம். இவங்கள மாதிரி பாட்டிலைக் காட்சிக்கு வெக்க மாட்டாங்க. மத்தியானம் ஆம்புலன்ஸ் வருது."

"மாமா, டாக்டர்..."

"டாக்டர் என்ன டாக்டர்! கையில மருந்தை வெச்சுக்கிட்டு கொடுக்க மாட்டேங்கறாங்க. அவன் என் தம்பிம்மா! நீ கீழே போய் ஒரு கையெழுத்துப் போடு, போதும்."

அந்த வீட்டில் பெரியவர் சொன்னால் சொன்னதுதான். அடுப்பில் எத்தனை சூடு என்பதிலிருந்து ஜன்னலுக்கு என்ன கலர் திரை என்பது வரைக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டீச்சர் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் புலி, வீட்டில் பூனை என்று சின்னவரே கேலி பண்ணுவார்.

ஆனால் இன்றைக்கு டீச்சருக்கு வந்த பயம் பெரியவரைப் பற்றியது இல்லை. கையெழுத்துப் போட்டு வழியில் ஏதாவது ஆனால்? போடாமல் இருந்து இங்கேயே ஏதாவது ஆனால்? எந்தப் பக்கம் போனாலும் பழி தன் தலையில்தான். பழி போகட்டும், தாங்கிக்கொள்ளலாம். ஆள் போய்விட்டால்?

"சரி, கீழே போறேன்," என்றார். "நான் வர்ற வரைக்கும் நீங்க பக்கத்துல இருங்க மாமா. நடுவுல ஒரு தடவை எழுப்பிப் பேசுங்க. மறந்துடாதீங்க."

"போம்மா. என் தம்பியைப் பார்த்துக்க எனக்குச் சொல்லித் தரணுமா?"

*

கீழே போகிற வழியில், மாடிப்படித் திருப்பத்தில், டாக்டர் நின்றபடியே டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் நேரே போய் எதிரில் நின்றார்.

"டாக்டர், எனக்குப் புரியற மாதிரி ஒரே ஒரு தடவை சொல்லுங்க. ஏன் இப்பவே போடக்கூடாது?"

டாக்டர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"அந்த மருந்து மூளையில தேங்கற தண்ணியை ரத்தத்துக்கு இழுக்கும். வீக்கம் ஏறும்போது போட்டா உயிரைக் காப்பாத்தும். ஆனா அதோட வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஏறாதப்பவே போட்டா உடம்புத் தண்ணி வத்தும், பிரஷர் இறங்கும், கிட்னி அடிவாங்கும். சும்மா சும்மா போட்டா மருந்தே மூளைக்குள்ள கசிஞ்சு, திரும்பத் தண்ணியை உள்ளே இழுக்கும். அப்ப நிஜமா வீங்கும்போது என் கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது."

டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார்.

"என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க முதல் வாரம் பிரேக்கையேதான் குனிஞ்சு பார்த்துக்கிட்டிருப்பாங்க. எதிர்ல ஒண்ணுமே இருக்காது, பயத்துல அழுத்திடுவாங்க. பின்னாடி வர்றவன் வந்து இடிப்பான்."

"லேட்டா அழுத்தினா?"

"கேட்கவே வேண்டாம், போச்சு. அதான் ரோட்டைப் பாருன்னு தொண்டை கிழியக் கத்துவேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் பல பேருக்குத் தெரியாது.

"அப்ப நீங்களும் ரோட்டைப் பாருங்க. உங்க வீட்டுல எல்லாரும் பாட்டிலையே பார்த்துக்கிட்டிருக்கீங்க."

டீச்சர் கீழே கவுண்டருக்குப் போனார். காகிதத்தை நீட்டிய ஆளிடம், "நாங்க எங்கேயும் போகலை" என்றார். காகிதத்தைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினார்.

*

மேலே என்ன நடந்தது என்று பார்ப்போம். இதைச் சொல்லும்போது பெரியவர் மேல் உங்களுக்குக் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் வந்தது.

பேக்கரிக்காரர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஊர் தூங்கும்போது அவர்கள் மாவு பிசைகிறார்கள், ஊர் வேலைக்குப் போகும்போது அவர்கள் தூங்குகிறார்கள். அதனால் அந்த வீட்டில் கொலைக்குற்றத்துக்கு அடுத்த குற்றம், தூங்குகிறவரை எழுப்புவது. காலிங் பெல்லுக்கே துணி சுற்றி வைத்திருப்பார்கள். குழந்தைகள் நடக்கப் பழகும்போதே நுனிக்காலில் நடக்கப் பழகிவிடும். அந்தச் சட்டத்தை வீட்டில் கட்டிக் காத்தவரே பெரியவர்தான்.

தம்பி புரண்டு படுத்தார். மூச்சு சீராக வந்தது. அப்புறம் குறட்டை.

அடேயப்பா, அந்தக் குறட்டையைக் கேட்டுப் பெரியவருக்கு வந்த நிம்மதி! விழுந்ததிலிருந்து ஆள் இப்படி அசந்து தூங்கியதே இல்லை. ஆளாளுக்கு எழுப்பி எழுப்பித் தொல்லை. பாவம், தூங்கட்டும்.

பெரியவர் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். சாப்பாட்டு வண்டி தள்ளிவந்தவரிடம் உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினார். டார்ச் சிஸ்டர் வர வேண்டிய நேரம்தான். ஆனால் கடைசிக் கட்டிலில் புதிதாக வந்த ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், சிஸ்டர் அங்கே மாட்டிக்கொண்டார். பெரியவர் தம்பியின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பக்கத்தில் காவல் உட்கார்ந்தார்.

டீச்சர் வந்தபோது அந்த மூலை இருட்டாக, அமைதியாக இருந்தது.

"எழுப்பினீங்களா மாமா?"

"உஷ்! இப்பத்தான் நல்லாத் தூங்கறான். குறட்டை கேட்குது பாரு. விடு."

டீச்சர் குறட்டையைக் கேட்டார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவர். அவர் புருஷனுக்குக் குறட்டை விடும் பழக்கமே கிடையாது.

திரையை ஒரே இழுப்பில் விலக்கினார்.

"என்னம்மா பண்றே, எழுப்பாதே!"

"நகருங்க மாமா."

அந்த வீட்டில் பெரியவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவரே திகைத்துப்போய் நகர்ந்தார்.

"ஏங்க! ஏங்க, எழுந்திருங்க!" தோளைத் தட்டினார். அசைவில்லை. உலுக்கினார். இமை கொஞ்சம் விலகியது. "நான் என்ன வேலை பார்க்கறேன்? சொல்லுங்க! உங்க பொண்டாட்டி என்ன வேலை பார்க்கறா?"

சின்னவரின் உதடு அசைந்தது.

"வேலை... பார்க்கறா..."

கண் மூடிக்கொண்டது.

கேட்கிறவர்களுக்கு அதுவும் பதில்தான். பெரியவர் கூட, "சொல்றானே" என்றார். ஆனால் சுவர் எங்கே? இடிப்பது எங்கே? எழுப்பும்போதெல்லாம் தவறாமல் வந்த கேலி எங்கே?

டீச்சர் திரும்பி, வார்டு வாசலைப் பார்த்து, வண்டிக்குக் குறுக்கே ஆள் பாய்ந்தால் கொடுப்பாரே, அந்தக் குரலைக் கொடுத்தார்.

"சிஸ்டர்!"

கட்டிலெல்லாம் அதிர்ந்தது. டார்ச் சிஸ்டர் ஓடிவந்தார். இமையைத் தூக்கி வெளிச்சம் அடித்தார். வலது கண்ணின் கறுப்பு வட்டம் சட்டென்று சுருங்கியது. இடது கண்ணில் அது சுருங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றது.

"டாக்டரைக் கூப்பிடுங்க! உடனே!"

டாக்டர் மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கண்ணைப் பார்த்தார், கையைக் கிள்ளிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இப்ப. பாட்டிலைத் திறங்க. முழு வேகத்துல விடுங்க."

காலையிலிருந்து சும்மா தொங்கிய பாட்டில் சீல் உடைந்து குழாயோடு சேர்ந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை, தாரையாக இறங்கியது. தலைமாட்டை உயர்த்தினார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். கீழே ஸ்கேன் அறைக்குப் போன் பறந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"வேற ஆஸ்பத்திரிக்கு ஒரு பேஷன்ட்டுன்னு சொன்னாங்க. ரெடியா?"

டாக்டர் கையிலிருந்த வேலையை விடாமல் சொன்னார். "நல்லவேளை, இந்த நேரம் இவர் ரோட்டுல இல்லை."

பெரியவர் சுவரோடு சுவராகச் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பு வாயில் கை விட்டே காய்த்துப்போன கை ரெண்டும் முகத்தை மூடின.

"தூங்கட்டும்னு விட்டேனேம்மா. திரையை வேற மூடினேனே. தூங்கறான்னுதானே நினைச்சேன்..."

டீச்சர் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் போய்விட்டது.

"அழாதீங்க மாமா. நேரத்துக்குப் பார்த்துட்டோம்ல. எழுந்திருங்க, அவரு கண்ணு முழிக்கும்போது நீங்க நிக்கணும்."

*

இனி நடந்தது எல்லாம் நல்ல செய்தி, ஆசை தீரச் சொல்கிறேன்.

பாட்டில் காலியாகி அதிக நேரம் ஆகவில்லை. டார்ச் சிஸ்டர் மறுபடி வெளிச்சம் அடித்தார். இடது கண்ணின் கறுப்பு வட்டம் 'இதோ வந்துட்டேன்' என்று வலதோடு சேர்ந்து சுருங்கியது. சிஸ்டர் மூச்சை விட்டார். நம் ஆட்களும் விட்டார்கள்.

கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை நிறைய ஆரம்பித்தது. மருந்து தண்ணியை இழுத்து வெளியே தள்ளுகிறது என்று சிஸ்டர் சொன்னதும், பெரியவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மனுஷன் மூத்திரம் போவதை இன்னொரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நான் எழுதியதில்லை.

"ஏறுதும்மா! இன்னும் ஏறுது! அடுத்த பை எடுங்க சிஸ்டர்!"

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டு எதுவும் பெரிதாகவில்லை, அறுவை தேவையில்லை என்றார் டாக்டர். அடுத்த வேளை மருந்து போட வேண்டுமா என்பதை ரத்தத்தில் உப்பளவு பார்த்துத்தான் முடிவு செய்வாராம். இந்தத் தடவை பெரியவர் 'ஏன்' என்று கேட்கவில்லை. கைகூப்பி, "நீங்க எப்பச் சொல்றீங்களோ அப்ப" என்றார்.

டாக்டர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"சரியான நேரத்துக்குக் கூப்பிட்டீங்க. இன்னும் கொஞ்சம் போயிருந்தா நான் இந்த மாதிரி நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

சாயங்காலம் ஐ.சி.யூ. அறையில் சின்னவர் தானாகவே கண்ணைத் திறந்தார். யாரும் எழுப்பவில்லை. கண்ணில் தெளிவு இருந்தது. டீச்சர் குனிந்தார்.

"நான் என்ன வேலை பார்க்கறேன்?"

சின்னவர் அவரை உற்றுப் பார்த்தார். பதில் வர நேரமானது. டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சுவரு இடிக்கற வேலை," என்றார். "ஊர்ல இன்னும் ஒண்ணு ரெண்டு பாக்கி இருக்கா?"

டீச்சர் சிரித்தார், அழுதார், ரெண்டையும் சேர்த்துப் பண்ணினார். கண்ணாடிக்கு வெளியே நின்ற டார்ச் சிஸ்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

சின்னவரின் பார்வை அண்ணனிடம் போனது. பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் என்று சொன்ன வாய். இப்போது அந்த மூஞ்சி என்ன சொல்லப் போகிறதோ?

"அண்ணே, எனக்கு என்ன ஆச்சு?"

"ஏணியிலேருந்து விழுந்துட்டேடா."

"ஏணியா? நான் எப்ப ஏறினேன்? ஒண்ணுமே ஞாபகமில்லையே." கொஞ்சம் யோசித்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, "அண்ணே, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கோபப்படாதே."

டீச்சருக்குப் பகீர் என்றது. சண்டை முழுசாக அழிந்துபோயிருக்கிறது. சொன்ன விஷயத்தையே மறுபடி முதலிலிருந்து சொல்லப் போகிறார்!

பெரியவருக்கும் புரிந்தது. மெல்லத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுடா. மெதுவாச் சொல்லு."

"நான்... தனியா ஒரு கடை பார்த்து வெச்சிருக்கேன். சின்னதுதான். உன்னை விட்டுப் போறேன்னு நினைச்சுக்காதே."

ஒரே கேள்வி வாழ்க்கையில் ரெண்டு தடவை வருவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? முதல் தடவை சொதப்பியவருக்கு இதோ இன்னொன்று, கையைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தது.

"நல்ல விஷயம்தானேடா," என்றார் பெரியவர். "இதுக்கா இவ்வளவு தயக்கம்? உன் கடைக்கு அடுப்பு நான் வந்து வெச்சுத் தர்றேன். வேற எவனையும் விட்டுடாதே, கெடுத்துருவான்."

சின்னவர் சிரித்தார். நிம்மதியாகக் கண்ணை மூடினார். டீச்சர் பெரியவரைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷத்து வருத்தமும் கரைந்துபோயிருந்தது.

"தூங்கட்டும்," என்றார் பெரியவர். உடனே பதறி, "ஆனா நேரத்துக்கு எழுப்பும்மா! நல்லா உலுக்கி எழுப்பு!"

சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தப் போனை எடுத்தார். நம்பரைத் தேடி அழுத்தினார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பக்கம் ஒரு குரல், "யாருங்க?"

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடை வேண்டாம்னு அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணின முட்டாள் பேசறேன். தயவு செஞ்சு போனை வெச்சுடாதீங்க."